இருபத்திரண்டாவது நிமிடம்

வடக்குத்து
20.7.2013

அன்பு மகள் பொற்கொடிக்கு அப்பா தங்கராசு எழுதுவது. எழுதுவது என்றால் வாயால். கை என் மைன்ஸ் சிநேகிதர், உன் இசக்கிமுத்து பெரியப்பாவுடையது. இங்கே என் காதைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. மைன்ஸில் முப்பத்தொரு வருஷம் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்ற காது இது. ஃபோனில் பேசினால் கொசு பறக்கிற மாதிரிதான் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினால் ஒரு வார்த்தை தப்பாது. அதனால் நீ கடிதமே போடு. மாப்பிள்ளை நெடுமாறனுக்கு அந்த ராஜஸ்தான் சுரங்கம் ஒத்துக்கொண்டதா? பேரன் வெயிலில் அலையாமல் இருக்கிறானா?

உன் தங்கை தமிழ்மொழிக்குத் தை இருபத்தொன்றில் முகூர்த்தம். மாப்பிள்ளை பண்ருட்டிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். கடிதத்தை அவளே எழுதித் தருகிறேன் என்றாள். அவள் கல்யாணத்துச் சண்டையை அவள் கையால் எழுதவைப்பது சரியில்லை என்று நெய்வேலி டவுன்ஷிப்புக்கு சைக்கிளில் வந்து இசக்கிமுத்து குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

சண்டை இதுதான். பெண்ணுக்கு நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டவேண்டும், தன் தம்பி கலியனைக் கூப்பிடு என்கிறாள் உன் அம்மா. உன் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்கு முன்னால், பட்டம் கட்டவேண்டிய நேரத்தில் மேடையைவிட்டு இறங்கிப் போனவன் அவன். சம்பந்தி வீட்டார் முன்னால் நான் தலை குனிந்தேன். அவனுக்குப் பெரியப்பா மகன் கண்ணையன்தான் கட்டி மானத்தைக் காப்பாற்றினான். எட்டு வருஷமாகப் பேச்சில்லை. இப்போதும் அவன் தானாகப் போகவில்லை என்று உன் அம்மா சாதிக்கிறாள். நான் எழுதி வைக்கத் தெரியாதவன். எழுதி வைக்காதவனுக்கு மறக்க வழியில்லை. வலப்பக்கப் படியில் அவன் இறங்கினதும், தோள்துண்டை உதறினதும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

உன் கல்யாண டிஸ்க் இரண்டையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வீடியோக்காரர் கொடுத்த அன்றைக்கு முதல் டிஸ்க்கைப் போட்டோம். பெண் அழைப்பில் கலியனைப் பார்த்ததும் உன் அம்மா அழுதாள். அப்போதே இரண்டையும் பட்டுப்புடவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். முகூர்த்தம் இருக்கிற இரண்டாவது டிஸ்க்கை இதுவரை யாரும் பார்த்ததில்லை. போன வாரம் போட்டேன். நம் வீட்டு பிளேயர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறது. உன் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து பென்டிரைவில் அனுப்பு. சொந்தக்காரர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுகிறேன். பிறகு இந்தப் பெண்ணுக்கும் கண்ணையனே கட்டட்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா

(சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன் அம்மா. விட்டது இரண்டு கெட்ட வார்த்தை மட்டும். — இசக்கிமுத்து)


பிகானேர்
4.8.2013

மரியாதைக்குரிய அப்பாவுக்குப் பொற்கொடி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். அவருக்கு இந்த மாதம் முழுக்க ஜெனரல் ஷிஃப்ட். உங்கள் பேரன் இந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டுவிட்டான். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

பார்சல் உடையாமல் வந்தது. முதல் டிஸ்க் இருபது நிமிடத்தில் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. இரண்டாவதை வைத்தால் டிரைவ் கர்கரென்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தட்டை வெளியே தள்ளிவிடுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேலே புகை படிந்ததுபோல் வெள்ளையாக இருக்கிறது. அந்துருண்டை வாசனை. புடவைப் பெட்டியில் எட்டு வருஷம் அதோடு கிடந்தது அல்லவா? அதுமட்டுமில்லை, வட்ட வட்டமாகக் கீறல். டிஸ்க்கை எதையாவது வைத்துத் துடைத்தீர்களா அப்பா? உண்மையைச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன்.

அன்றைக்கு நான் குனிந்த தலை நிமிரவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கலியன் மாமா இல்லாமல் தமிழ்மொழி கல்யாணம் என்றால் மனசு ஒப்பவில்லை.

உங்கள் மகள்
பொற்கொடி


வடக்குத்து
15.8.2013

அன்பு மகளுக்கு அப்பா. கடிதம் நேற்று வந்தது. உன் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

துடைத்தேன். ரிட்டையர் ஆன அன்று மைன்ஸிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் துணி ஒரு மூட்டை இருக்கிறது. ரோலரைத் துடைக்கிற மாதிரி சுற்றிச் சுற்றி அழுத்தித் தேய்த்தேன். பளபளவென்றுதான் வந்தது. அது தப்பு என்று இசக்கிமுத்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வீடியோ கடையில் விசாரித்துவந்து சொல்கிறார். சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்கவேண்டுமாம். வட்டமாகத் துடைக்கவே கூடாதாம். வெள்ளை போய்விடும், கீறல் போகாது, ஆனாலும் படிக்கும் என்கிறார்.

இன்னொன்று நான் சொல்கிறேன். பெல்ட் நின்ற இடத்தில் பழுது இருக்காது. புது ஆட்கள் நின்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு தோண்டுவார்கள். நான் பின்னால் நடந்து போய்ப் பார்ப்பேன். டிஸ்க்கின் மேலேயே பழியைப் போடாதே. உன் ஊர்ப் புழுதி அந்த டிரைவின் கண்ணாடியிலும் படிந்திருக்கும். முதல் டிஸ்க் ஏறிற்றே என்பாய். நல்ல எழுத்தை மங்கின கண்ணாலும் படிக்கலாம். கெட்ட எழுத்துக்குக் கண் சுத்தமாக இருக்கவேண்டும். இரண்டையும் துடை, ஏறும்.

பேரனைத் தமிழிலும் சண்டை போடச் சொல்.
அப்பா


பிகானேர்
3.9.2013

அன்புள்ள அப்பாவுக்கு, எல்லோரும் சுகம். இங்கே ஒரு நாள் மழை பெய்தது, ஊரே விடுமுறை விட்ட மாதிரி கொண்டாடியது.

நீங்கள் சொன்னது சரி. டிஸ்க்கைத் துடைத்தேன். டிரைவின் லென்ஸைத் துடைக்கவென்றே சின்ன பிரஷ் வைத்த டிஸ்க் ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கி ஓட்டினேன். இப்போது இரண்டாவது டிஸ்க் திறக்கிறது. ஆனால் காப்பி எடுத்தால் பாதிகூடப் போகாமல் எரர் என்று நின்றுவிடுகிறது. அப்படியே போட்டுப் பார்த்தால் இருபத்திரண்டு நிமிடம் ஓடுகிறது. மேளம் வாசிக்கிறார்கள், நான் மணையில் உட்கார்ந்திருக்கிறேன், ஐயர் தட்டை எடுக்கிறார். அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடுகிறது. நான்கு முறை போட்டேன், நான்கு முறையும் அதே இடம்.

விட்டுவிடு என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. விடட்டுமா?

பொற்கொடி


வடக்குத்து
14.9.2013

அன்பு மகளுக்கு, இங்கே சுகம். விடாதே.

ஈர நிலக்கரி வரும்போது என்ன செய்வோம் தெரியுமா? பெல்ட்டை மெதுவாக ஓட்டுவோம். வேகமாக ஓட்டினால் சரக்கு விழுகிற குழாயில் கட்டி கட்டியாக அடைத்துக்கொள்ளும். அடைத்த கட்டியோடு மல்லுக்கட்டி நின்றால் பின்னால் ஒரு ஷிஃப்ட் சரக்கும் தேங்கும். கட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பின்னால் வருவதை வாங்கிக்கொண்டு, கடைசியில் திரும்பிவந்து கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைப்போம். உன் கம்ப்யூட்டருக்கு அந்தப் புத்தி உண்டா என்று கேள். வேகத்தைக் குறைத்து, படிக்க முடியாததைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பிவந்து படிக்கிற ஏதாவது இருக்கும். இல்லாமல் இருக்காது. மனுஷன் செய்த மெஷின் எல்லாம் அடைக்கும், எல்லாவற்றையும் எடுக்கலாம்.

டிஸ்க்கின் முதுகில் உங்கள் இரண்டு பேர் போட்டோவை ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறதே, அது ஒரு பக்கம் தூக்கியிருந்தால் சுற்றும்போது ஆடும். பிய்த்துவிடாதே. விரலால் தடவி அழுத்து.

ஐயர் தட்டை எடுக்கிற இடத்தில் நிற்கிறது என்றாயே, அதற்கு அடுத்ததுதான் எனக்கு வேண்டியது. அனுப்பு.
அப்பா

(வே, எனக்கும் சேர்த்து நலம் விசாரியும் என்றால் மறந்துவிடுகிறார். நீ சுகமா அம்மா? — இசக்கிமுத்து)


பிகானேர்
27.10.2013

அன்புள்ள அப்பாவுக்கு, பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பேரனுக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. இப்போது சுகம். தீபாவளிக்கு அதிரசத்துக்குப் பாகு வைத்திருக்கிறேன்.

அந்த டிஸ்க் இனித் தேறாது அப்பா. என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. போனதைத் தோண்டி என்ன ஆகப்போகிறது? பட்டத்தைத் தலைகீழாகக் கட்டிவிட்டுக் கண்ணையன் மாமா முழித்ததை நினைத்துச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். கலியன் மாமாவை நேரில் போய்க் கூப்பிடுங்கள். உங்களைவிட வயசில் சின்னவர்தானே, நீங்கள் கூப்பிட்டால் வராமலா போவார்?

அம்மாவுக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன். பண்டிகை நல்லபடியாகக் கழியட்டும்.

பொற்கொடி


வடக்குத்து
8.11.2013

மகளுக்கு அப்பா. பண்டிகை கழிந்தது. புடவை வந்தது, உன் அம்மா கட்டிக்கொண்டாள். உன் காய்ச்சல் விட்டதில் சந்தோஷம்.

கடிதத்தை இசக்கிமுத்துவை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். கண்ணையன் பட்டத்தைத் தலைகீழாகக் கட்டினது உண்மை. கட்டின அடுத்த நொடியே உன் அத்தை அதைத் திருப்பிவிட்டாள். உன் நெற்றியில் கட்டினதை நீ எப்படிப் பார்த்தாய்? குனிந்த தலை நிமிரவில்லை என்று ஆகஸ்ட் மாதக் கடிதத்தில் நீயே எழுதினாய். கண்ணையனுக்கு வெட்கம் என்று நாங்கள் யாரும் அதை யாரிடமும் சொன்னதில்லை. அது எங்கே தெரியும் என்றால் டிஸ்க்கில்தான் தெரியும், அதுவும் இருபத்திரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு.

நீ பார்த்துவிட்டாய். எனக்குக் கோபமில்லை. உன் மாமன் இறங்கிப்போனதை நான் நாலு பேருக்குக் காட்டினால் அவனுக்கு அசிங்கம் என்று மறைக்கிறாய். நல்ல மனசுதான். ஆனால் பொய்யை வைத்து ஒரு கல்யாணத்தை நடத்த முடியாது. அனுப்பிவிடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.
அப்பா


பிகானேர்
18.11.2013

அன்புள்ள அப்பாவுக்கு, உங்களிடம் பொய் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். நாங்கள் சுகமாக இருக்கிறோம்.

நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு மென்பொருள் இருக்கிறது. கெட்ட இடத்தைத் தாண்டிப்போய், கடைசியில் திரும்பிவந்து மெதுவாகப் படிக்கிறது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓடவிட்டேன், அவன் திரும்பி வருகிற நேரத்துக்கு முடிந்தது. அது செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி. அன்றைக்கே பார்த்துவிட்டேன். அங்கங்கே சில நொடி கட்டம் தெரிகிறது. வேண்டிய இடத்தில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. சத்தமும் கேட்கிறது.

பென்டிரைவில் போட்டால் பாதி காலியாக இருந்தும் இடமில்லை என்றது. ஒரே கோப்பு நாலு ஜிபிக்கு மேல் இருந்தால் அது வாங்கிக்கொள்ளாதாம். அதனால் மூன்று துண்டாக வெட்டியிருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்திருக்கிறேன். இரண்டாவதைப் பாருங்கள்.

அதில் என்ன இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். யாரையும் கூப்பிடாதீர்கள். முதலில் தனியாகப் பாருங்கள் அப்பா.

பொற்கொடி


நெய்வேலி
1.12.2013

மகள் பொற்கொடிக்கு இசக்கிமுத்து எழுதுவது. இந்தக் கடிதம் என் வாயும் என் கையும். உன் பெரியம்மா இசக்கியம்மாள் உன்னை விசாரித்தாள். உன் அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தனியாகப் பார்க்கச் சொல்லி நீ எழுதியதை அவர் காதுக்குள் சொன்னேன். "நான் இன்னா திருட்டுத்தனமா பண்ணிட்டேன், தனியா பாக்க?" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அம்மா, தமிழ்மொழி, கண்ணையன், இன்னும் இரண்டு உறவுக்காரர்கள், எல்லோரையும் என் குவார்ட்டர்ஸில் கூட்டிவிட்டார். இசக்கியம்மாள் எல்லோருக்கும் இட்லி வைத்தாள்.

நீ பார்த்ததைத்தான் நாங்களும் பார்த்தோம். கலியன் பட்டத் தட்டோடு மேடையில் உன் பக்கத்தில் நிற்கிறான். உன் அப்பா, அவருடைய செக்‌ஷன் இன்ஜினியரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வருகிறார். போட்டோவுக்கு இடம் வேண்டும். "எறங்குய்யா, ஆபீசர் வராரு தெரியல?" என்று கலியன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளி, தட்டை வாங்கிக்கொள்கிறார். கலியன் இறங்கிப் படிக்குக் கீழே நிற்கிறான். இன்ஜினியர் வாழ்த்துகிறார், போட்டோ, மறுபடி போட்டோ, பிறகு வீடியோ. ஐயர் பட்டம் எங்கே என்கிறார். பக்கத்தில் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்து உன் அப்பா தட்டைக் கண்ணையனிடம் கொடுக்கிறார். கண்ணையன் கட்டி முடித்த பிறகுதான் கலியன் துண்டை உதறிவிட்டுப் போகிறான். அதுவரைக்கும் மேலே பார்த்துக்கொண்டேதான் நிற்கிறான்.

படம் நின்றதும் கண்ணையன்தான், "மாமா, அன்னைக்கே நான் சொன்னேன், கலியன் கீழ நிக்கிறான்னு. ஒங்களுக்குத்தான் மேளச் சத்தத்துல காதுல வுழல" என்றான்.

உன் அப்பா மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன். பிறகு, "பொண்ணு துண்டு துண்டா வெட்டித்தான அனுப்பிச்சிருக்கா? வெட்டி ஒட்டுனதுல முன்னபின்ன மாறிகினு இருக்கும்" என்றார்.

"என்னவே சொல்லுதீரு? துண்டு மாறுனா படம் முன்னபின்ன வரும். உம்ம கையி அவன் நெஞ்சுல எப்படிவே வரும்?" என்றேன்.

உன் அம்மா எழுந்தாள். எட்டு வருஷத்துக்கான பேச்சு வரும் என்று நினைத்தேன். "இட்லி ஆறுது, சாப்புடுங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னாள். அவர் சாப்பிடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரமாகிறது, இந்தப் பக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ பயப்படாதே. பெல்ட் நின்றால் பின்னால் நடந்துபோய்ப் பார்க்கிற ஆள்தானே.

இசக்கிமுத்து


வடக்குத்து
14.12.2013

அன்பு மகளுக்கு அப்பா. சுகமாக இருக்கிறேன். இசக்கிமுத்து உனக்குத் தனியாகக் கடிதம் போட்டதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். போடட்டும்.

என் ஞாபகம் பொய்யில்லை. அவன் இறங்கினது உண்மை, துண்டை உதறினது உண்மை. இறங்கச் சொன்ன வாயை மட்டும் அது சேர்த்து வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டேன், மேலே நடந்ததைக் கேள்.

மார்கழி பிறப்பதற்குள் கூப்பிடவேண்டும் என்று நேற்று உன் அம்மாவோடு வளையமாதேவிக்குப் பஸ்ஸில் போனேன். பென்டிரைவைக் கொண்டுபோகவில்லை. அதைக் காட்டி அழைத்தால் அது அழைப்பில்லை. கலியன் வீட்டில் இல்லை, டீக்கடையில் இருந்தான். நாலைந்து பேர் இருந்தார்கள். வீட்டுக்கு வா, பேசலாம் என்று சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் செய்ததை வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் சரியாக வராது. அங்கேயே நின்று சொன்னேன்.

"கலியா, நான்தான் ஒன்ன எறங்கச் சொன்னேன். ஆபீசருக்கு எடம் வேணும்னு நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனேன். நீ கால்மணி நேரம் கீழ நின்னுகினு இருந்த. நான் திரும்பிப் பாக்கல."

"இருவது நிமிசம் மாமா" என்றான்.

"வீடியோவுல பாத்தேன்."

"எட்டு வருசமா அக்காவும் சொல்லிச்சு, நானும் ஆளு வுட்டுச் சொன்னேன், ஒங்களுக்குக் கேக்கல. டிவி பொட்டி சொன்னா கேக்குதுங்களா?"

டீக்கடைக்காரர், "அந்த ஆபீசர் இப்ப எங்கங்க இருக்காரு?" என்றார். ரிட்டையராகிப் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டார், என் பெயர்கூட அவருக்கு ஞாபகம் இருக்காது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கலியன் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு டீ சொன்னான். எனக்குச் சொல்லவில்லை. தாம்பூலத் தட்டை நான் நீட்டினேன், வாங்கவில்லை. உன் அம்மா நீட்டினாள், வாங்கிப் பக்கத்தில் வைத்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் வரும்வரை எங்களோடு வந்து நின்றான். அவ்வளவுதான்.

கண்ணையனிடம் சொல்லிவிட்டேன், பட்டம் கட்ட உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று. கலியன் வராவிட்டால் தமிழ்மொழிக்குப் பட்டம் இல்லாமல்தான் முகூர்த்தம். சம்பந்தி வீட்டார் ஏன் என்று கேட்டால் காரணம் நான்தான் என்று மைக்கிலேயே சொல்வேன். அவன் வருவான் என்றுதான் நினைக்கிறேன். என் நினைப்பை இப்போதெல்லாம் வீட்டில் யாரும் நம்புவதில்லை, அது வேறு.

நீங்கள் தைப் பொங்கலுக்கே வந்துவிடுங்கள்.
அப்பா


வளையமாதேவி
8.1.2014

மதிப்புள்ள மாமா தங்கராசு அவர்களுக்கு கலியன் எழுதிக்கொண்டது. இங்கே மழை அளவாகப் பெய்தது, நெல் கதிர் வாங்கிவிட்டது. அக்காவின் இருமலுக்குத் தூதுவளை கொடுத்தனுப்பியிருக்கிறேன். இதை வாசித்துக் காட்டுகிற ஐயாவுக்கும் என் வணக்கம்.

பட்டத்துக்கு விருத்தாசலத்தில் ஒரு கடையில் சொல்லிவிட்டேன். செய்து கொடுக்கப் பத்து நாள் கேட்கிறார்கள். தமிழ்மொழியின் நெற்றி அளவு வேண்டும். ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம் வரை நூல் வைத்து அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பவும். மாமா ஞாபகத்திலிருந்து எதுவும் சொல்லவேண்டாம். நூலையே அனுப்பவும்.

கலியன்